புகையருவி

கேன்டீனில் இருந்த புளி முழுவதையும் கரைத்து மில் கெமிஸ்ட் ஹரிஹரசுப்பிரமணியன் சுண்ணாம்புக்கல் தொட்டியில் கொட்டிய அன்று, மில்லில் யாருக்கும் ரசம் கிடைக்கவில்லை. நுரை கிடைத்தது. வேண்டிய மட்டும் கிடைத்தது.

முதலில் தொட்டி லேசாக முனகியது. பிறகு விளிம்புக்கு மேலே பழுப்பாக ஒரு தொப்பை எழும்பியது. "வேலை செய்யறது பாருங்கோ அண்ணாச்சி!" என்று ஹரி கைதட்டினான். தட்டிய கை ஓய்வதற்குள் தொப்பை உடைந்து படிக்கட்டில் இறங்கி, அவனுடைய ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு, பவர் ஹவுஸ் வாசலைத் தாண்டி, மதில் இடுக்கு வழியாகப் பக்கத்து வயலுக்குள் போய்விட்டது. மிஞ்சிய செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதா, கழற்றி எறிவதா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்க, பாய்லர் போர்மேன் நம்பிராஜன் பாய்ந்து போய் விசையை இழுத்தார்.

"பம்பை நிறுத்திட்டேளா அண்ணாச்சி?"

"நிறுத்தாம வேடிக்கையா பாத்துக்கிட்டு நிப்பாக?"

நம்பிராஜன் அப்படித்தான். கேள்வி கேட்டால் கேள்விதான் திரும்பி வரும். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "பின்ன, பட்டினியாவா கெடப்பேன்?" என்பார். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பது அவர் வீட்டம்மாவுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

கேன்டீன் தங்கபுஷ்பம் கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன சார், பொகைக்குப் புளிக்கொழம்பு வச்சியளோ? உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருந்துச்சா?" கூடி நின்ற ஷிப்டு ஆட்கள் சிரித்தார்கள். ஹரியும் சிரித்தான். தன்னைப் பார்த்துத் தானே முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பதற்கு மிச்சம் இருக்காது என்பது அவனுடைய கணக்கு. படிக்கிற காலத்திலிருந்து அது ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை.

மில் இலஞ்சிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவே இருந்தது. ஓயாத மின்வெட்டைச் சமாளிக்க நிர்வாகம் சொந்தமாக ஒரு பவர் ஹவுஸ் கட்டி, அதற்கு எங்கிருந்தோ வந்த கந்தகம் மிகுந்த கரியைப் போட்டது. கரி எரிந்தால் கந்தகப் புகை. புகைக்கு ஒரு சட்டம் வந்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்தன. ஆகவே புகைபோக்கிக்கு முன்னால் ஓர் இரும்புக் கோபுரம் எழுப்பினார்கள். கீழிருந்து புகை ஏறும்; மேலிருந்து சுண்ணாம்புக்கல் பொடி கலந்த தண்ணீர் அதன் தலையில் கொட்டும். பக்கத்திலேயே குற்றாலத்தை வைத்துக்கொண்டு அதை வேறு எப்படிச் சொல்வார்கள்? புகையருவி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குற்றாலத்தில் குளித்தால் பித்தம் தெளியும் என்பார்கள். இந்த அருவியில் குளித்த புகைக்கு மட்டும் ஒன்றும் தெளியவில்லை. உள்ளே போன கந்தகத்தில் பாதி அப்படியே வெளியே வந்தது.

காரணம் சுண்ணாம்புக்கல். அது மகா சோம்பேறி, தண்ணீரில் கரைய யோசிக்கும். புகையின் புளிப்பு அதற்குள் தண்ணீர்த் துளியின் மேல்பரப்பை நிரப்பிவிடும். அதற்கு மேல் புகை உள்ளே நுழைய இடம் இல்லை. தொட்டியில் கொஞ்சம் கரிம அமிலம் சேர்த்தால் அது நடுவில் நின்று, மேலே சேரும் புளிப்பை வாங்கி உள்ளே இருக்கிற சுண்ணாம்பிடம் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்க வரும் என்று ஹரி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தான். கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடப்பார், தான் மட்டும் எந்த வீட்டிலும் தங்கமாட்டார். பத்திரிகை சொன்ன அமிலம் நைலான் செய்கிறவர்களிடம்தான் கிடைக்கும், வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றது கொள்முதல் பிரிவு. புளிக்கிறதெல்லாம் அமிலம்தானே என்று ஹரி புளியில் இறங்கினான். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அது இயல்பாகத்தான் தோன்றியது.

தரகர் விஷயம் சரி. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோளாறு. புளியின் புளிப்பு சுண்ணாம்பைக் கண்டதும் அதோடு ஒட்டிக்கொண்டு, மணலாகித் தொட்டியின் அடியில் உட்கார்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன தரகர் தானே தாலி கட்டிக்கொண்ட மாதிரி. சக்கையும் கோதும் போய்த் தெளிப்பான்களை அடைத்துக்கொண்டன.

நுரை போன வயலிலிருந்து மாரித்தாய் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஹரி ஒரு நகைச்சுவையைத் தயார் செய்து வைத்தான்.

"மன்னிச்சுக்கோங்கோ அக்கா. ஒங்க வயலுக்கு இன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளியல்."

"நொரை வெயில்ல காஞ்சிரும் சாமி. நான் அதுக்கு வரல." முந்தானையில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். கோழிக்கொண்டைப் பூ. ரத்தச் சிவப்பாக இருக்கவேண்டியது, துவைத்துத் துவைத்துச் சாயம் போன ரவிக்கைத் துணி மாதிரி வெளுத்து, ஓரம் கருகிக் கிடந்தது. "இத தென்காசிப் பூக்கடைக்குக் கொண்டு போனேன். ஏட்டி, எழவு வீட்டுப் பூவா கொண்டாந்திருக்கன்னு திருப்பி விட்டுட்டான். மேக்கேருந்து மேகாத்து அடிக்க ஆரம்பிச்சா ஒங்க பொகை நேரா எங்க வயல்லதான் வந்து படுக்குது. நெலம் பாட்டத்துக்குச் செய்யுதேன். இன்னும் ஒரு பூப்பு இருக்கு. அதும் வெளுத்துச்சுன்னா நெலத்துக்காரரு என்னிய எறக்கி விட்டுருவாரு. ஒங்க மில்லுலதான் கேக்காவளாமே, கரி கொட்ட எடம் வேணும்னு."

ஹரிக்கு அது தெரியாது. தயார் செய்த நகைச்சுவையில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது; அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

"பொகையப் பாக்குத ஆபீசருக்கு மனு போட்டிருக்கேன்," என்றாள் மாரித்தாய். "அவரு வருவாராம். அது இருக்கட்டும். நீரு படிச்சவரு. இந்தப் பொகை நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்," என்று சொல்லிவிட்டான் ஹரி. எதை வைத்துச் சொன்னான் என்று அன்று இரவெல்லாம் யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

அதற்கப்புறம் அவன் கண்டுபிடித்ததை மூளையின் வேலை என்று சொல்வதற்கில்லை, வேட்டியின் வேலை. ஒரு நாள் செங்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புனலூர் ரப்பர் தோட்டத்துக்காரர். அவருடைய கேன் கசிந்து ஹரியின் வேட்டி நனைந்தது. தொடை எரிந்தது. ஐயோ என்று எழுந்தவன், சிவப்பு எறும்பை நசுக்கினால் வருகிற அந்தக் காரமான வாடையை முகர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டான். ரப்பர் பாலை உறைய வைக்க மலைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ஊற்றுகிற பார்மிக் ஆசிட்! அதுவும் கரிம அமிலம்தான். சுண்ணாம்போடு சேர்ந்தாலும் மணலாக உட்காராமல் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். பஸ் முழுக்க அவனையே பார்த்தது. எரிகிற தொடையைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு கேன் வாங்கி வந்து, இந்த முறை கையை அடக்கி, சொட்டுச் சொட்டாக விட்டான். மறுநாளே பவர் ஹவுஸ் வாசலில் தொண்டை கமறவில்லை. சில நாளில் மாரித்தாயின் வயலில் புதிதாக விரிந்த கொண்டைகள் ஓரம் கருகாமல் வந்தன. அவள் மதில் அருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் கேன்டீனுக்கு ஒரு கட்டுக் கீரை வந்தது.

கேன் தீர்ந்தது. புகை திரும்பி வந்தது.

மானேஜர் ராமசேஷனிடம் போனான். ராமசேஷன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எது கேட்டாலும் பன்னீர் தெளித்த மாதிரி பதில் வரும். துடைத்துவிட்டுப் பார்த்தால் கையில் ஈரம்கூட இருக்காது.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாலு கேன் வாங்கிக்கோடா ஹரி. பேஷான காரியம் பண்ணியிருக்கே."

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சப்புறம் சார்?"

"மொதல்ல அது நன்னா நடக்கட்டுமே."

"தொடர்ந்து விட்டாத்தான் சார் பிரயோஜனம். நிறுத்தினா ரெண்டே நாள்ல..."

"பகவான் இருக்கார்," என்று ராமசேஷன் காபி வரவழைத்தார். காபி நன்றாக இருந்தது.

வெளியே வந்து நம்பிராஜனைக் கேட்டான். "அண்ணாச்சி, நமக்குத் தொடர்ந்து ஆசிட் வாங்கித் தருவாளா?"

"வாங்காம கம்பெனி என்ன பஞ்சத்துலயா கெடக்கு?" என்றார் நம்பிராஜன். கேட்கத் தெம்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் யோசித்தபோதுதான் அதில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை என்பது உறைத்தது.

இன்ஸ்பெக்‌ஷன் எப்போது? அதையும் யாரும் சொல்லவில்லை. ஆனால் தென்காசிப் பக்கத்தில் அரசாங்க ஆய்வுகளுக்கு என்று ஒரு முறை உண்டு. சித்திரை வெயிலில் எந்த ஆபீசரும் வரமாட்டார். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிட்டால் எல்லா இலாகாவுக்கும் இந்த வட்டாரத்தின் குறைகள் ஒரே வாரத்தில் கண்ணில் படும். பள்ளிக்கூடம், எடைக்கல், ரேஷன் கடை எல்லாவற்றையும் சோதிக்கத் தலைக்குத் தலை துண்டோடு வந்து இறங்குவார்கள். ஆகவே ஹரி தினமும் காலையில் மலையைப் பார்த்தான். ஆனி பாதிக்கு மேல்தான் சாரல் என்று எண்ணி, கேன்களை அதற்குச் சற்று முன்னால் அனுப்பச் சொல்லியிருந்தான்.

மலை அவனைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. ஒரு காலை எழுந்து பார்த்தால் மலையே இல்லை, மேகம். முற்றத்தில் பொடிச் சாரல். எட்டு மணிக்கு ராமசேஷனிடமிருந்து போன். "ஆபீசர் வந்துட்டார்டா. அருவியில குளிச்சுண்டிருக்கார். எண்ணெய் தேச்சு விடறவன் கையிலேர்ந்து விடுபட்டு, சாப்பிட்டு, மத்தியானம் நம்ம மில்லுக்கு வருவார். மருந்து இருக்கோல்லியோ?"

மருந்து புனலூரில் இருந்தது.

புனலூர்க் கடைக்கு டிரங்க் கால் போட்டு, கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ரப்பர் ஷீட் லாரியில் கேன்களை ஏற்றச் சொல்லிவிட்டு, காத்திருந்து கிடைத்த மில் ஜீப்பை எடுத்துக்கொண்டு எல்லைச் சோதனைச் சாவடிக்குப் பறந்தான். லாரி அவனுக்கு முன்பே வந்திருந்தது. தடைக் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கையை விரித்தான். "ஞான் எத்ர பறஞ்ஞு சாரே! இயாளு விடுந்நில்லா."

எவ்வளவு சொல்லியும் விடாத சாவடிப் போலீஸ்காரர் கேன்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "ஆசிட்டாம்லா? ஆசிட்டுன்னு சொல்லித்தான் எல்லாப் பயலும் ஸ்பிரிட்டக் கடத்துதான். எஸ்.ஐ. வரட்டும்."

"எப்போ வருவார்?"

"அவரு குத்தாலத்துல டூட்டி பாக்காரு. தண்ணி விழுதுல்லா."

"சத்தியமா ஆசிட்தான் சார். மூடியத் திறந்து மோந்து பாக்காதீங்கோ, மூக்குல..."

சொல்லியிருக்கக்கூடாது. பார்க்காதே என்று சொன்னபிறகு பார்க்காமல் இருப்பவர் போலீஸ் வேலைக்கு வருவாரா? மூடியைத் திறந்து ஆழமாக இழுத்தார். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கண்ணீர் வழிய, பேச்சு வராமல், விரலை மட்டும் ஹரியை நோக்கி ஆட்டினார். அதற்குப் பொருள் நன்மையாக இருக்க வாய்ப்பில்லை.

"இங்க பாருங்கோ," என்று ஹரி பதறிக்கொண்டு மூடியில் கொஞ்சம் எடுத்து, வெள்ளையடித்த கட்டைச் சுவரின் மேல் ஊற்றினான். சுர்ரென்று பொங்கியது. "ஸ்பிரிட் இப்படிப் பொங்குமா?"

"எங்க ஊருச் சரக்கு பொங்கும்வே," என்றார் போலீஸ்காரர், திரும்பி வந்த குரலில்.

"ஆனா ஸ்பிரிட் எரியும். இது எரியாது. பத்த வச்சுப் பாருங்கோ."

இது அவர் மனசில் இறங்கியது. தீப்பெட்டி வந்தது. ஆனால் கணவாய்க் காற்று சும்மா விடவில்லை. ஒரு குச்சி அணைந்தது, இன்னொன்றும் அணைந்தது, அடுத்தது சாரலில் நமத்துப்போய் உரசவே இல்லை. ஒவ்வொரு குச்சி அணையும்போதும் குற்றாலத்தில் ஆபீசர் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்ட மாதிரி ஹரிக்குத் தோன்றியது. கடைசியில் போலீஸ்காரர் தொப்பியால் மறைக்க, டிரைவர் லுங்கியை விரித்துப் பிடிக்க, ஹரி கல்லில் ஊற்றிய அமிலத்துக்கு நெருப்புக் காட்டினான். பற்றவில்லை. குச்சி எரிந்து அவன் விரலைத்தான் சுட்டது.

"எடுத்துட்டுப் போம்," என்றார் போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இதப் போயி எவன் குடிப்பான்?"

லாரியைப் பின்வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஹரி பவர் ஹவுஸுக்குள் ஓடி வந்தபோது ஆபீசரின் கார் வாசலில் நின்றது. ராமசேஷன் அவருக்கு நெசவுக்கூடத்தைக் காட்டிக்கொண்டிருப்பதாக நம்பிராஜன் சொன்னார். அதாவது, "காட்டாம இவ்வள நேரமும் கதையா பேசிக்கிட்டிருப்பாரு?" என்றார். இரண்டு பேருமாக முதல் கேனைத் தொட்டிக்கு மேலே தூக்கினார்கள்.

அவசரமாக ஊற்றினால் பொங்கும். மெதுவாக ஊற்றினால் வேலை செய்வதற்குள் ஆபீசர் வந்துவிடுவார். ஹரி குழாயைக் கொஞ்சம் திறந்தான். தொட்டி முனகியது. மூடினான். மறுபடி திறந்தான். நிறம் மாறுகிற சோதனைத் தாளை நனைத்து நனைத்துப் பார்த்தான். விளிம்பில் வெள்ளையாக ஒரு தொப்பை மெல்ல எழும்பியது. நம்பிராஜன் ஹோஸ் பைப்பால் அதன் தலையில் தண்ணீர் தெளித்து அமுக்கினார். தொப்பை தயங்கியது, அடங்கியது.

"நம்ம வீட்டுப் பயல இந்த மாசம் மில்லுல எடுத்துக்கிடுதேன்னு மானேஜர் சொல்லியிருக்காரு," என்றார் நம்பிராஜன் திடீரென்று, ஹோஸிலிருந்து கண்ணை எடுக்காமல். அதை ஏன் அப்போது சொன்னார் என்று ஹரிக்கு விளங்கவில்லை.

ஆபீசர் ஈரத் தலையோடு வந்தார். காதோரம் இன்னும் எண்ணெய் மினுமினுத்தது. ஆனால் ஆள் வேலைக்காரர். அவரே ஏணியில் ஏறி, புகைபோக்கியில் குழாயைச் செருகி, புகையைக் கண்ணாடிக் குடுவைகள் வழியாக இழுத்தார். கீழே வந்து, குடுவையில் சொட்டுச் சொட்டாகச் சோதனைத் திரவம் விட்டார். நிறம் சீக்கிரம் மாறினால் தப்பித்தோம். எவ்வளவு சொட்டு கேட்கிறதோ அவ்வளவு கந்தகம். ஹரி சொட்டுகளைப் பார்க்காமல் நம்பிராஜனின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்திலும் கேள்விதான் இருந்தது.

நிறம் மாறிவிட்டது. ஆபீசர் குடுவையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, நம்பாமல் இன்னொரு முறை செய்தார். அதிலும் சீக்கிரமே மாறியது.

"நல்லாப் பண்ணியிருக்கீங்களே! இந்த அளவுக்கு நான் எங்கேயும் பார்க்கல," என்றார். ராமசேஷன் ஹரியின் முதுகில் தட்டினார். பன்னீர் மணந்தது.

"மனு கொடுத்த அம்மாவையும் பார்த்துட்டு முடிச்சிடலாம்."

மதிலைச் சுற்றி வயலுக்குப் போனார்கள். மேல்காற்று கோழிக்கொண்டைகளை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. பாத்தி முழுக்க மொட்டு. அந்தக் கடைசிப் பூப்பு. அவிழ ஒரு வாரம் இருக்கும். மாரித்தாய் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா, இப்போ புகை வருதா?"

"இப்ப வரல."

"அப்போ உங்க புகார் தீர்ந்ததுன்னு எழுதிடலாமா? எழுதிட்டா அதோட முடிஞ்சுது. அப்புறம் வரல போகலன்னு சொல்லக்கூடாது."

மாரித்தாய் ஆபீசரைப் பார்க்கவில்லை. ஹரியைப் பார்த்தாள்.

"சாமி சொல்லட்டும். அவரு நிக்கும்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு. ஏஞ்சாமி, நாளைக்கும் இப்பிடித்தானே இருக்கும்? எங்க மொட்டு அவிழுத வரைக்கும், அதுக்குப் பொறவும்?"

"சொல்லுடா ஹரி," என்றார் ராமசேஷன் அன்பாக.

ஆமாம் என்கிற வார்த்தை ஹரியின் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. போன தடவையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார். ஒரு நகைச்சுவை வந்தால் தேவலை என்று ஹரி தேடினான். பிறந்ததிலிருந்து கூப்பிடாமலே வருகிற சாமான், அன்று பார்த்து ஒன்றுகூட வரவில்லை.

"சார்," என்றான் ராமசேஷனிடம். "நாளைக்கும் ஆசிட் விடுவோமா?"

"இதென்னடா கேள்வி, பெரியவா முன்னாடி? எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"விடுவோமா சார்?"

"அதான் சொன்னேனே," என்று ராமசேஷன் ஆபீசரைப் பார்த்துச் சிரித்தார். "கொழந்தை. வேலையில அவ்வளவு ஈடுபாடு."

ஆபீசரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஹரி திரும்பி, பின்னால் பஞ்சுக் கழிவால் கையைத் துடைத்துக்கொண்டு நின்ற நம்பிராஜனைப் பார்த்தான். ஊற்றுகிறவர் அவர்தான். ஊற்றாமல் இருக்கப்போவதும் அவர்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்கோ. நாளைக்கு மருந்து உண்டா?"

நம்பிராஜன் மானேஜரைப் பார்த்தார். கையைத் துடைத்தார். சுத்தமான கையை மறுபடி துடைத்தார். இல்லாமலா போகும், விடாம என்ன செய்வாக என்று ஏதோ ஒன்று இதோ வரப்போகிறது என்று ஹரி காத்திருந்தான். காற்றில் மொட்டுகள் ஒன்றோடொன்று உரசின.

"கெடையாது சார்," என்றார் நம்பிராஜன் ஆபீசரைப் பார்த்து. "மிச்ச மூணு கேனையும் அய்யா போனவொடனே திருப்பி ஏத்தச் சொல்லிட்டாவ. அந்த லாரி இன்னும் பின்வாசல்லதான் நிக்கி."